தோற்காத ஒருவரின் 18,689 வாக்குகள்

அமெரிக்க செனட்டில் வாக்களிக்கப் பொத்தான் கிடையாது. கீழவையான பிரதிநிதிகள் சபை 1973-இலேயே மின்னணு முறைக்குப் போய்விட்டது. செனட் இன்றும் பெயர் கூப்பிடும் பழக்கத்தை விடவில்லை. எழுத்தர் நூறு பெயர்களையும் அகர வரிசையில் வாசிப்பார். சிலர் இருக்கையிலிருந்தே பதில் சொல்வார்கள். தாமதமாக ஓடிவருகிறவர்கள் எழுத்தரின் மேசை முன் நின்று கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டிவிட்டுப் போவார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சிக்காரரான ராபர்ட் பேர்ட் இந்தச் சடங்கில் 18,689 முறை கலந்துகொண்டார். 2010 ஜூன் 28 அன்று 92 வயதில் அவர் இறந்தபோது செனட் வரலாற்றிலேயே அதுதான் மிக அதிகம். 1959 ஜனவரியில் தொடங்கிய செனட் வாழ்க்கை 51 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் பிரதிநிதிகள் சபையில் ஆறு ஆண்டுகள்.

இவ்வளவு பெரிய வாக்குக் குவியலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படிப் படிப்பது? பேர்டைப் பற்றி எழுதியவர்கள் பொதுவாக இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். இளமையில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானில் இருந்தவர், மனம் திருந்தி, கடைசியில் ஒபாமாவை ஆதரித்தார் என்பது ஒரு கதை. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் சாய்ந்த பிழைப்புவாதி என்பது மற்றது. இரண்டுமே ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு பொதுத் தேர்தலில்கூடத் தோற்றதில்லை. பெரும்பாலான தேர்தல்களில் தோல்வி அவர் பக்கத்தில்கூட வரவில்லை. "தொகுதி மக்கள் விடமாட்டார்கள்" என்பதுதான் மக்கள் பிரதிநிதிகளின் வழக்கமான சாக்கு. அந்தச் சாக்கைச் சொல்ல இவரைப் போல உரிமையற்றவர் வேறு யாரும் இல்லை. ஆகவே அவருடைய தேர்தல் கணக்கையும் வாக்குக் கணக்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தேர்தல். 1917-இல் வட கரோலைனாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட, அத்தையும் அவர் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். பேர்ட் என்ற பெயரே அந்த வளர்ப்புத் தந்தையுடையது. வளர்ந்தது மேற்கு வர்ஜீனியாவின் ராலி கவுண்டியில், ஸ்டோட்ஸ்பரி போன்ற நிலக்கரிக் குடியிருப்புகளில். வீடும் கடையும் சுரங்க முதலாளிக்கே சொந்தமான ஊர்கள் அவை. பெட்ரோல் பங்கில் வேலை, இறைச்சி வெட்டும் வேலை, போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் என்று போனது இளமை. 1946-இல் மாநிலக் கீழவைக்கு நின்றபோது கையில் ஃபிடிலோடு மேடையேறினார். மலைநாட்டுப் பாட்டை வாசித்து முடித்த பிறகுதான் பேச்சு. வென்றார். 1950-இல் மாநில மேலவை, 1952-இல் வாஷிங்டன்.

அந்த 1952 தேர்தல்தான் அவர் வாழ்க்கையில் உண்மையாகவே ஆட்டம் கண்ட ஒரே தேர்தல். 1940-களின் தொடக்கத்தில் அவர் தன் ஊரில் 150 பேரைத் திரட்டி ஒரு கிளான் கிளையையே தொடங்கியவர், அதன் தலைவராகவும் இருந்தவர். ஓராண்டு போல இருந்தேன், பிறகு ஆர்வம் போய்விட்டது என்று வாக்காளர்களிடம் சொன்னார். அப்புறம்தான் 1946-இல் அவர் கிளானின் தேசியத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. மாநிலத்தில் கிளானுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும் என்ற கடிதம் அது. அப்போதைய கவர்னர் ஓக்கி பேட்டசன், சொந்தக் கட்சிக்காரர், போட்டியிலிருந்து விலகிக்கொள் என்றார். பேர்ட் விலகவில்லை; வென்றார்.

அதன் பிறகு எண்களைப் பாருங்கள். 1958-இல் பதவியிலிருந்த குடியரசுக் கட்சி செனட்டர் சாப்மன் ரெவர்கோம்பைத் தோற்கடித்து செனட்டுக்குள் நுழைந்தார். 1964-இல் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேலான வாக்குகள். 1970-இல் 77 சதவீதத்துக்கு மேல். 1976-இல் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. 1982, 1988, 1994 ஆகிய மூன்றிலும் 60 சதவீதத்துக்குக் குறையாத வெற்றி. 2000-இல் மீண்டும் 77 சதவீதத்துக்கு மேல். மாநிலம் முழுவதிலும் இருந்த 1,970 வாக்குச்சாவடிகளில் ஏழே ஏழில்தான் பின்தங்கினார். அதே நாளில் அதே வாக்காளர்கள் அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷுக்கு வாக்களித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் ஐந்து தேர்வாளர் வாக்குகள் கிடைக்காமல் போயிருந்தால், ஃபுளோரிடாவின் சர்ச்சைக்குரிய வாக்கு எண்ணிக்கை எப்படி முடிந்திருந்தாலும் புஷ் அதிபராகியிருக்க முடியாது. 2006-இல் பெரும் பணக்காரரான ஜான் ரேஸி எதிர்த்து நின்றார். பேர்டுக்கு 64 சதவீதம்.

இந்தக் கோட்டை எதனால் நின்றது? பணம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அவருடைய பணம் இல்லை, அரசின் பணம். நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைமை 1989-இல் கைக்கு வந்ததும், தன் மாநிலத்துக்கு நூறு கோடி டாலர் கொண்டுவருவேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார்; எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கொண்டுவந்தார். எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பதிவு மையம் வாஷிங்டனிலிருந்து மலைநாட்டுக் கிளார்க்ஸ்பர்க்குக்குப் போனது. 1988 நவம்பரில் கிரீன் பேங்கின் பெரிய ரேடியோ தொலைநோக்கி ஓர் இரவில் தானாகச் சரிந்து விழுந்தபோது, அதே இடத்தில் இன்னொன்றுக்கு நிதி வாங்கித் தந்தார். இன்று அது அவர் பெயரில் நிற்கிறது. சாலை, பாலம், மருத்துவமனை, நீதிமன்றக் கட்டடம் என்று அவர் பெயர் தாங்கியவை எத்தனையோ. வீண்செலவை எதிர்க்கும் அமைப்புகள் அவரைக் கேலி செய்தன. அவர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஏழை மாநிலத்தின் பிரதிநிதி வேறென்ன செய்ய வேண்டும் என்பது அவர் நிலை. அந்த மலைக் கிராமங்களுக்குச் சாலை போட்டதில் எனக்கும் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் வாக்காளர் அவரை எதற்காகத் திரும்பத் திரும்ப அனுப்பினார் என்பதை இது தெளிவாக்கிவிடுகிறது. சாலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மற்ற விஷயங்களில் தன் விருப்பப்படி வாக்களிக்கும் சுதந்திரத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார்.

இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் சட்டமன்றங்களில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடும். எனவே நம் உறுப்பினர் ஒருவரின் வாக்குகளைப் பட்டியலிட்டால் கிடைப்பது அவர் கட்சியின் பட்டியல்தான். அமெரிக்காவில் கொறடா கெஞ்சலாம், பேரம் பேசலாம், குழுப் பதவியைக் காட்டி மிரட்டலாம். உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. அங்கே ஒரு வாக்கு அந்த மனிதருடையது. அப்படியும் பதிவான வாக்குகள் முழுக் கதையைச் சொல்வதில்லை. செனட்டின் அன்றாட வேலையில் பெரும்பகுதி எதிர்ப்பில்லாத ஒப்புதலிலும் குரல் வாக்கிலும் நடந்து முடிகிறது. வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர் கேட்டால்தான் பெயர் கூப்பிட்டுப் பதிவு செய்வார்கள். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும், எது வராமலே சாகும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அந்த அதிகாரத்தைப் பேர்ட் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தார்.

இப்போது ஓர் இரவுக்கு வருவோம். 1964 ஜூன் 9 மாலை 7.38-க்குப் பேர்ட் எழுந்து பேசத் தொடங்கினார். பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைகள் மசோதாவைத் தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே முடக்கி வைத்திருந்த நேரம். ஃபிலிபஸ்டர் என்ற இந்த உத்தியில் அப்போதைய தனிமனித சாதனை 1957-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் பேசிய 24 மணி 18 நிமிடம். பேர்டின் பேச்சு அவ்வளவு நீளவில்லை. மறுநாள் காலை 9.51-க்கு உட்கார்ந்தார்: 14 மணி 13 நிமிடம். அன்றே விவாதத்தை முடிக்கும் தீர்மானத்தின் மீது பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிலைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூளைக் கட்டியால் பேச்சுப் போயிருந்தது. தன் பெயர் வந்ததும் கையை மெல்ல உயர்த்திக் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சம்மதத்துக்கும் ஒரே ஒலி. எழுத்தர் அதை ஆதரவு என்று பதிந்தார். ஏழு வாரம் கழித்து எங்கில் இறந்துபோனார். 71-க்கு 29. சிவில் உரிமை மசோதா ஒன்றின் மீதான ஃபிலிபஸ்டரை செனட் முறியடித்தது அதுவே முதல் முறை.

ஒன்பது நாள் கழித்து மசோதா 73-க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். அவர்களில் 20 பேர் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். மிச்சமிருந்த ஒருவர் பேர்ட். மேற்கு வர்ஜீனியாவோ அடிமை முறைக்காகப் பிரிந்த வர்ஜீனியாவிலிருந்து ஒன்றியத்தின் பக்கம் நிற்பதற்காகப் பிரிந்து 1863-இல் உருவான மாநிலம்! அந்த மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப். அதே கட்சி, அதே வாக்காளர்கள், அதே நிலக்கரி. அவர் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். மேற்கு வர்ஜீனியா அவரைத் தண்டித்ததா? 1966-இல் மீண்டும் அனுப்பியது. 1985-இல் தானாக ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். எதிர்த்த பேர்டும் 1964 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வந்தார். மாநிலம் எந்த வாக்கையும் ஏற்கத் தயாராக இருந்தது. ஆகவே அந்த 14 மணி 13 நிமிடத்துக்கு ராலி கவுண்டியின் சுரங்கத் தொழிலாளியைப் பொறுப்பாளி ஆக்க முடியாது. பேர்டைப் பற்றிய நூல்கள் பலவும் ராண்டால்ஃபை ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. எனக்கோ அவருடைய வாக்குதான் பேர்டின் வாக்கை அளக்கக் கிடைத்த சரியான அளவுகோல்.

இனப் பிரச்சினையில் அவர் வாக்குகள் நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960-இன் சிவில் உரிமைச் சட்டத்தை ஆதரித்தார். 1964-ஐயும் 1965-இன் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக தர்குட் மார்ஷல் 69-க்கு 11 என்று உறுதி செய்யப்பட்டபோது அந்த 11 பேரில் ஒருவர். 1968 மார்ச்சில் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவு. ஆனால் அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங்கைக் கலகக்காரர் என்று அவையில் வசைபாடினார். ஒரு வாரத்துக்குள் கிங் சுடப்பட்டார். 1983-இல் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். 1991-இல் இரண்டாவது கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸை எதிர்த்தார். இந்த முறை காரணம் வேறு: அனிட்டா ஹில் சொன்ன பாலியல் புகாரை நம்புவதாக அவையில் விளக்கமாகப் பேசினார். பட்டியலை மட்டும் பார்த்தால் "கறுப்பின நீதிபதிகள் இருவரையும் எதிர்த்த ஒருவர்" என்று தெரியும். அது உண்மைதான், ஆனால் எதையும் விளக்காத உண்மை. 2003-04 காலத்தில் கறுப்பின உரிமைக்கான பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அவருக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டது. இதுவும் அதே வகை. இரண்டாண்டில் தேர்ந்தெடுத்த சில வாக்குகளுக்குப் போட்ட மார்க், வாழ்நாள் கணக்காகிவிடாது.

கிளானில் சேர்ந்தது தன் வாழ்வின் மிகப் பெரிய தவறு என்று பலமுறை சொன்னார். 1982-இல் சாலை விபத்தில் பேரனை இழந்த பிறகு, கறுப்பினத்தவரும் தம் பிள்ளைகளை இப்படித்தானே நேசிப்பார்கள் என்ற எண்ணம் தன்னை மாற்றியதாகப் பேட்டிகளில் கூறினார். நம்பக்கூடியதுதான். 2001-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் பழைய இழிசொல் வாயில் வந்துவிட்டு மன்னிப்புக் கேட்டதும் அதே மனிதர்தான். மனம் எவ்வளவு மாறியது என்பதை அளக்க எனக்குக் கருவி இல்லை. வாக்கு எப்போது மாறியது என்பது தெரியும்: மாறுவதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியிராத காலத்தில்.

கட்சிக்குள் அவர் ஏறிய விதம் தனி. 1971 ஜனவரியில் கொறடா பதவியில் இருந்த எட்வர்ட் கென்னடியைச் சவாலுக்கு அழைத்தார். கென்னடியிடம் குடும்பப் பெயர் இருந்தது. பேர்டிடம் செய்துகொடுத்த சின்னச் சின்ன உதவிகளின் கணக்கு இருந்தது. யாருடைய மசோதாவை எந்த நேரத்தில் எடுத்தால் அவர் விமானத்தைப் பிடிக்க முடியும் என்பதுவரை பார்த்துப் பார்த்துச் செய்தவர். மரணப் படுக்கையிலிருந்த ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸலின் பதிலாள் வாக்கு பேர்டின் பையில் இருந்தது. ரஸல் உயிரோடிருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட்டியில் இறங்கினார். 31-க்கு 24. அன்றே ரஸல் காலமானார். இந்தச் சம்பவத்தைக் கொடூரமாகவும் சொல்லலாம், திறமையாகவும் சொல்லலாம். தோற்ற கென்னடியே பிற்காலத்தில் பேர்டின் நெருங்கிய நண்பரானார்.

1977-இல் பெரும்பான்மைத் தலைவரான பேர்ட், விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தார். ஃபிலிபஸ்டரால் 1964 மசோதாவைத் தடுக்கப் பார்த்தவரே அதை ஒடுக்கும் ஆளாகவும் ஆனார். விவாதத்தை முடிக்க 67 பேர் தேவை என்றிருந்தது 1975-இல் 60 ஆனது. முடிவுத் தீர்மானத்துக்குப் பிறகும் இழுத்தடிக்கும் வழியை 1979-இல் அடைத்தார். இதன் உச்சக்கட்டம் 1988 பிப்ரவரி. தேர்தல் செலவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் முடக்கினார்கள். அவைக்கே வராமல் அறைகளில் ஒளிந்துகொண்டார்கள். வராத உறுப்பினர்களைக் கைது செய்து கொண்டுவரும் தீர்மானத்தை நள்ளிரவில் பேர்ட் நிறைவேற்றினார். அவைக் காவலர்கள் ஓரிகன் செனட்டர் பாப் பேக்வுட்டின் அறைக்குப் போனார்கள். அவர் கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார். தள்ளித் திறந்ததில் அவர் விரலில் அடி. நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரைத் தூக்கி, கால் முன்னே வர, அவைக்குள் கொண்டுவந்தார்கள். கூச்சல், சிரிப்பு, கோபம் எல்லாம் நடந்தது. மசோதா மட்டும் நகரவில்லை. எட்டு முறை முயன்றும் 60 வாக்கு சேரவில்லை.

இவ்வளவு பட்ட பிறகும் ஃபிலிபஸ்டர் விதியை ஒழிக்க அவர் சம்மதிக்கவில்லை. 2005-இல் நீதிபதி நியமனங்களுக்கான ஃபிலிபஸ்டரைப் பெரும்பான்மைக் கட்சி தூக்கியெறியப் பார்த்தபோது, இரு கட்சியிலும் ஏழேழு பேர் சேர்ந்து சமரசம் செய்தார்கள். அந்தப் பதினான்கு பேரில் பேர்டும் ஒருவர். 1993-இல் அதிபர் கிளின்டன் தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வரவு செலவு மசோதாவோடு இணைத்து வெறும் பெரும்பான்மையில் நிறைவேற்ற அனுமதி கேட்டார். அப்படி இணைப்பதைத் தடுக்கும் விதியே பேர்ட் பெயரில்தான் இருந்தது. முடியாது என்றுவிட்டார். திட்டம் மறு ஆண்டு செத்தது. 18,689 வாக்குகளில் எதுவும் கோடிக்கணக்கான மக்களின் வாழ்க்கையை இந்த ஒரு மறுப்பளவுக்குப் பாதித்திருக்குமா என்பது ஐயமே. இது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் அரசியல் சாசனத்தை வைத்துக்கொண்டு திரிந்தவர். செனட்டின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதியவர். எந்த அதிபரின் கீழும் பணியாற்றவில்லை, அவர்களோடு பணியாற்றினேன் என்பார். நிதி மசோதாவில் வேண்டாத வரிகளை மட்டும் அடித்துவிடும் அதிகாரத்தை 1996-இல் நாடாளுமன்றம் அதிபருக்குக் கொடுத்தபோது எதிர்த்தார், வழக்கும் போட்டார். வழக்குத் தொடர அவருக்குத் தகுதியில்லை என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அவர் சொன்னதுதான் கடைசியில் நின்றது. மேற்கு வர்ஜீனியாவுக்குப் போகும் பணத்தை எந்த அதிபரும் அடித்துவிட முடியாது என்பதும் அதனோடு உறுதியானது என்பது வேறு விஷயம்.

போர் பற்றிய வாக்குகளில்தான் அவரிடம் உண்மையான கற்றல் தெரிகிறது. 1964 ஆகஸ்டில் வியட்நாமில் அமெரிக்கா இறங்க வழி திறந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் இருவரே. பேர்ட் மற்ற 88 பேரில் ஒருவர். 1991-இல் வளைகுடாப் போருக்கான அனுமதி 52-க்கு 47 என்று தப்பிப் பிழைத்தபோது எதிர்த்தார். 2002 அக்டோபரில் ஈராக். செப்டம்பர் 11-க்குப் பிந்தைய நாடு, நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் நான்கு வாரத்துக்குள், போருக்கு ஆதரவு 77, எதிர்ப்பு 23. பேர்ட் எதிர்த்ததோடு நிற்கவில்லை. டோன்கின் தீர்மானத்தில் தான் ஏமாந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். திருத்தங்கள் கொண்டுவந்து தோற்றார். பேசினார், மறுபடி பேசினார். 2003 பிப்ரவரி 12 அன்று, போர் வாசலில் நிற்கும்போது இந்த அவை வாயடைத்துக் கிடக்கிறதே என்று கிட்டத்தட்டக் காலியான அவையில் நின்று கேட்டார். 85 வயது. அந்தப் பேச்சு இணையத்தில் உலகம் சுற்றியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்குவதை எதிர்த்த ஒன்பது பேரில் ஒருவர். 2001-இல் பேட்ரியாட் சட்டத்தை ஆதரித்தவர், 2006-இல் அது புதுப்பிக்கப்பட்டபோது எதிர்த்த பத்துப் பேரில் ஒருவர். தன் ஆயிரக்கணக்கான வாக்குகளில் ஈராக் வாக்கில்தான் அதிகப் பெருமை என்று பின்னாளில் சொன்னார். படையில் சேரும் இளைஞர்கள் நிறைந்த, தேசபக்தியில் விட்டுக்கொடுக்காத மாநிலம் அது. அங்கே அந்த வாக்குக்கு விலை இருந்திருக்கலாம். 2006-இல் வாக்குக் கேட்டார், மக்கள் 64 சதவீதம் கொடுத்தார்கள்.

மீதமிருப்பது நிலக்கரி. இங்கேதான் தொகுதியும் மனச்சாட்சியும் ஒன்றையொன்று முட்டியிருக்க வேண்டிய இடம். நீண்ட காலம் முட்டவே இல்லை. 1990-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தபோது, வேலையிழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நிவாரணம் கேட்டு அவர் கொண்டுவந்த திருத்தம் ஒரே வாக்கில், 49-க்கு 50 என்று தோற்றது. பிறகு சட்டத்தையே எதிர்த்து வாக்களித்தார். அந்தத் திருத்தம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். காற்று எல்லோருக்கும் சுத்தமாக, அதன் செலவை ஒரு மாவட்டத்தின் கூலித் தொழிலாளி மட்டும் தாங்க வேண்டும் என்பது எப்படி நீதி? ஆனால் 1997 ஜூலையில் இன்னொரு செனட்டரான சக் ஹேகலோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த தீர்மானம் வேறு ரகம். வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத, அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கேடு செய்யும் எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்றது அது. 95-க்கு 0. கியோட்டோ ஒப்பந்தம் அமெரிக்காவில் பிறக்கும் முன்பே செத்தது. அந்த ஒப்பந்தத்தை கிளின்டன் கடைசி வரை செனட்டுக்கு அனுப்பவே இல்லை. உலகின் பார்வையில் பேர்டின் நீண்ட நிழல் இதுதான். இந்தியாவைப் போன்ற நாடுகளைச் சாக்காக நிறுத்தி எழுதப்பட்ட தீர்மானம் என்பதால் நமக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருக்கலாம்.

எதிர்பாராதது கடைசி ஏழு மாதங்களில் நடந்தது. 2009 டிசம்பரில், நிலக்கரித் தொழில் மாற்றத்தை ஏற்க வேண்டும், மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, மலையுச்சிகளை வெடித்துக் கரி எடுக்கும் முறைக்கு நாட்டில் ஆதரவு போய்விட்டது என்று வெளிப்படையாக எழுதினார். சுரங்க முதலாளிகள் திகைத்துப் போனார்கள். 2010 ஏப்ரல் 5 அன்று அவர் வளர்ந்த அதே ராலி கவுண்டியில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாசி எனர்ஜி நிறுவனத்தின் தலைமையை விசாரணை அமர்வில் கடுமையாகவே கேட்டார். ஜூன் 10-இல், கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரத்தைப் பறிக்கும் தீர்மானம் வந்தது; 47-க்கு 53 என்று தோற்றது. மேற்கு வர்ஜீனியாவின் மற்றொரு செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் அதை ஆதரித்தார். பேர்ட் எதிர்த்தார். 1964-இல் மாநிலத்தின் இரு செனட்டர்களில் தவறான பக்கம் நின்றவர், இந்த முறை மறுபக்கம். பதினெட்டு நாளில் இறந்துபோனார்.

ஜூன் 10 அவர் வாழ்வில் விசித்திரமான நாள். 1963-இல் அதே தேதியில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே பத்தாண்டுகள் மாலை வகுப்பில் படித்து வாங்கிய சட்டப் பட்டத்தை, அமெரிக்கன் பல்கலைக்கழக விழாவில் அதிபர் கென்னடி வந்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அதே நாளில்தான் அந்த 14 மணி நேரப் பேச்சு முடிந்தது.

இன்னொரு ஒப்புமை இதைவிடக் கனமானது. 2009 டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிரான ஃபிலிபஸ்டரை முறியடிக்கச் சரியாக 60 வாக்குகள் இருந்தன. ஒன்று குறைந்தாலும் சட்டம் இல்லை. பனி கொட்டிய வாரம். நள்ளிரவு தாண்டிய வாக்கெடுப்புக்கு 92 வயது பேர்டைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டிசம்பர் 24 காலை இறுதி வாக்கெடுப்பில், சில மாதம் முன்பு இறந்துபோன நண்பர் எட்வர்ட் கென்னடிக்காக இது என்று உரக்கச் சொல்லி ஆதரவு தெரிவித்தார். எங்கிலின் இடத்தில் இப்போது அவர். 1993-இல் அவர் தடுத்த விஷயத்தை, அவர் காப்பாற்றிய விதிக்குள்ளேயே, அவருடைய உடம்பைத் தள்ளிக்கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. இதில் பெருமையும் இருக்கிறது, அபத்தமும் இருக்கிறது.

என் தீர்ப்பு இது. ஈராக்கிலும் கடைசியில் நிலக்கரியிலும் பேர்ட் தனக்கிருந்த சுதந்திரத்தைப் பயன்படுத்தினார்; 1964-இல் அதே சுதந்திரம் இருந்தும் பயன்படுத்தவில்லை. பிந்தையது முந்தையதைக் கழித்துவிடாது. முந்தையதைக் காட்டிப் பிந்தையதை மறுப்பதும் நியாயமில்லை. வாக்குகளைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால் போதும்: இந்த வாக்கை அளித்த நாளில் அவருக்கு எவ்வளவு பெரும்பான்மை இருந்தது?

அவர் இடத்துக்கு 2010 நவம்பரில் ஜோ மன்சின் வந்தார். 2014-இல் ஷெல்லி மூர் கேபிட்டோ மற்ற இடத்தை வென்றபோது, மேற்கு வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சி ஒரு செனட் தேர்தலில் வென்றது 1956-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2025 ஜனவரியிலிருந்து இரு இடங்களும் அந்தக் கட்சியிடமே இருக்கின்றன. நீதிபதி நியமனங்களுக்கான ஃபிலிபஸ்டரைக் கீழ் நீதிமன்றங்களுக்கு 2013-இல் ஜனநாயகக் கட்சியும் உச்ச நீதிமன்றத்துக்கு 2017-இல் குடியரசுக் கட்சியும் ஒழித்துவிட்டன.